தீவன மில்லில் புதிதாய்ச் சேர்ந்தவர்களுக்கு: தூசி வெடிக்காமல் பார்த்துக்கொள்வது எப்படி

தீவன மில், மாவு மில், சைலோ (உயரமான தானியக் கலன்) வைத்த தானியக் கிடங்கு, எதில் புதிதாகச் சேர்ந்தாலும் முதல் நாள் சொல்லித் தருவது எந்த பட்டனை எப்போது அமுக்குவது, எந்த லாரி எந்தக் குழியில் கொட்டும் என்பதைத்தான். தூசி வெடிக்கும் என்று யாரும் சொல்வதில்லை. சொன்னாலும் நம்புவதில்லை. நான் நாமக்கல் பக்கத்துத் தீவன மில்களில் மெயின்டனன்ஸ் பார்க்கிறவன். சமீபத்தில் சேர்ந்த பையன் ஒருவனிடம் இதைச் சொன்னபோது, "அண்ணா, மக்காச்சோளத் தூசிதானுங்களே, பெட்ரோலுங்களா என்ன?" என்று சிரித்தான். அவனுக்காக எழுத ஆரம்பித்ததுதான் இது, எழுத எழுத நீண்டுவிட்டது.

கூத்து பார்த்திருக்கிறீர்களா? எரிகிற பந்தத்தின் மேல் ஒரு பிடி குங்கிலியப் பொடியை விசிறுவார்கள், குபீரென்று தீ எழும்பி அடங்கும். அதே குங்கிலியத்தைக் கட்டியாக நெருப்பில் போட்டால் உருகிப் புகைந்துகொண்டு கிடக்கும், அவ்வளவுதான். பொருள் ஒன்றுதான். பொடியாகிக் காற்றில் பரவினால் ஒவ்வொரு துகளையும் சுற்றிக் காற்று இருக்கிறது, அதனால் எல்லாம் கண் இமைக்கும் நேரத்தில் எரிந்து முடிகிறது. மக்காச்சோளம், சோயா, தவிடு, மைதா, சர்க்கரை எல்லாவற்றுக்கும் இதே கதைதான். கூத்து நடப்பது வெட்டவெளியில், அதனால் தீ மேலே போய் அடங்கிவிடுகிறது. அந்தக் குபீர், தானியத்தை மேலே தூக்கும் எலிவேட்டரின் கேசிங்குக்குள்ளோ (வெளிக்கூடு) நாலு பக்கமும் அடைத்த அறைக்குள்ளோ நடந்தால் சூடான காற்றுக்கு விரிய இடமில்லை, சுவரைத் தள்ளும், தகரத்தைக் கிழிக்கும்.

இது ஒன்றும் புதிதாகக் கண்டுபிடித்த ஆபத்தும் கிடையாது. இத்தாலியின் டூரின் நகரத்தில் 1785 டிசம்பரில் ஒரு ரொட்டிக்கடையின் மாவு அறையில், விளக்கு எரிந்துகொண்டிருக்க மாவு அள்ளியபோது வெடித்ததை அப்போதே எழுதி வைத்திருக்கிறார்கள். அமெரிக்காவின் மினியாபொலிஸில் 1878 மே 2ஆம் தேதி வாஷ்பர்ன் மாவு மில் வெடித்து 18 பேர் செத்தார்கள். அதே நாட்டில், லூசியானாவின் வெஸ்ட்வீகோவில் 1977 டிசம்பர் 22ஆம் தேதி ஒரு தானியக் கிடங்கு வெடித்து 36 பேர். பிறகுதான் அந்த நாட்டில் தானியக் கிடங்குகளுக்கென்று தனியாக ஒரு பாதுகாப்பு விதியே 1987இல் வந்தது. கீழே அதிலிருந்து சிலவற்றைச் சொல்லப்போகிறேன், நம்ம ஊர் மில்லுக்கும் அப்படியே பொருந்தும்.

தூசி வெடிக்க ஐந்து சேர வேண்டும்: எரியக்கூடிய தூசி, காற்று, அந்தத் தூசி காற்றில் பரவி நிற்பது, அடைப்பான இடம், ஒரு பொறி. காற்றை நம்மால் ஒன்றும் செய்ய முடியாது. மில் என்றாலே அடைப்பான இடம்தான். மிச்சமிருப்பது தூசியும் பொறியும், இந்த இரண்டில்தான் நம் வேலை முழுவதும்.

முதல் வேலை: தலைக்கு மேலே பாருங்கள்

சேர்ந்த முதல் வாரத்திலேயே ஒரு டார்ச்சை எடுத்துக்கொண்டு மில்லைக் கீழிருந்து மேல் வரை ஒரு சுற்று வாருங்கள். தரையைப் பார்க்க வேண்டாம், தரையைத் தினமும் யாராவது பெருக்குகிறார்கள். பீமின் மேல்பக்கம், கேபிள் ட்ரே, டக்ட்டின் முதுகு, ட்யூப்லைட் பட்டியின் மேல், கான்க்ரீட் லிண்டல், எலிவேட்டர் ஹெட் (மேல்முனை) இருக்கும் மாடி. அங்கே விரலை வைத்துக் கோடு இழுங்கள். கோடு பள்ளமாகத் தெரிந்தால் உங்கள் தலைக்கு மேல் வெடிமருந்து இருக்கிறது. மிகைப்படுத்திச் சொல்வதாக நினைத்தால் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

தூசி 1 மில்லிமீட்டர் கனத்துக்குப் படிந்திருக்கிறது என்று வையுங்கள். ஒரு சதுர மீட்டரில் அது சுமார் அரைக் கிலோ. அறையின் உயரம் 5 மீட்டர். அந்த அரைக் கிலோவும் கிளம்பிக் காற்றில் பரவினால் கன மீட்டருக்கு 100 கிராம். தானியத் தூசிகள் பெரும்பாலும் கன மீட்டருக்கு 50, 60 கிராம் வந்தாலே வெடிக்கத் தயார். ஆக ஒரு மில்லிமீட்டர் படிந்தாலே தேவைக்கு மேல் இருக்கிறது, அதுவும் எல்லாம் கிளம்ப வேண்டியதில்லை, பாதி கிளம்பினாலே போதும்.

அமெரிக்க விதியில் எல்லை கால் அங்குலத்தில் பாதி, அதாவது நம்ம ஃபிட்டர் பாஷையில் ஒரு நூல். எலிவேட்டர், அரைவை, ட்ரையர் இருக்கும் பக்கங்களில் ஒரு நூல் கனத்துக்குத் தூசி சேர்ந்தால் உடனே அகற்ற வேண்டும் என்கிறார்கள். என்னைக் கேட்டால் ஒரு நூல் ரொம்பத் தாராளம். தரையில் செருப்புத் தடம் பதிகிறதா, பீமின் பெயின்ட் நிறம் தெரியவில்லையா, அப்போதே பெருக்கிவிடுங்கள்.

இந்தப் படிந்த தூசிக்கு ஏன் இவ்வளவு பேச்சு என்றால், மில்லில் பெரும்பாலும் இரண்டு வெடிப்பு நடக்கும். முதல் வெடிப்பு ஏதோ ஒரு எலிவேட்டருக்குள்ளோ, தூசியை உறிஞ்சிச் சேர்க்கும் டஸ்ட் கலெக்டருக்குள்ளோ, சின்னதாக. அதன் அதிர்வும் காற்று வீச்சும் பீமின் மேல் வருஷக்கணக்காக உறங்கிய தூசியை எல்லாம் எழுப்பிவிடும், பின்னாலேயே வரும் தீ அதைப் பற்றவைக்கும். இந்த இரண்டாவதுதான் கட்டடத்தைச் சாய்ப்பது. முதலாவதில் தப்பித்திருக்க வேண்டியவர்கள் இரண்டாவதில் போய்விடுகிறார்கள். முதல் வெடிப்பை நூற்றுக்கு நூறு தடுத்துவிடுவேன் என்று எந்த எஞ்சினியராலும் சத்தியம் செய்ய முடியாது. இரண்டாவதைத் துடைப்பத்தால் தடுக்கலாம். அதனால்தான் நான் எந்த மில்லுக்குப் போனாலும் முதலில் துடைப்பம் எங்கே இருக்கிறது என்று கேட்பேன், வெடிப்புத் தகடு, சென்சார் எல்லாம் அப்புறம்.

பெருக்குவதற்கும் ஒரு முறை இருக்கிறது

பெருக்குவதைப் பெருக்குகிற அம்மாவின் வேலை என்று நினைக்கிற ஆபரேட்டர்கள் நிறையப் பேர். அந்த அம்மாவால் பீம் மேல் ஏற முடியாது, எந்த மெஷின் எப்போது நிற்கும் என்றும் தெரியாது. உங்கள் செக்‌ஷனின் மேல்பகுதி உங்கள் பொறுப்பு, இதில் வாக்குவாதம் வேண்டாம்.

மெஷின் ஓடும்போது மேலே தூசி தட்டக் கூடாது. நிறுத்தி, எல்லாம் ஆறிய பிறகு, மேலிருந்து கீழாக, ஒரு சமயத்தில் ஒரு சின்னப் பகுதி. மென்மையான துடைப்பம், அகலமான முறம். விசிறி அடிக்காமல் இழுத்து அள்ளுங்கள். அள்ளியதைச் சாக்கில் கட்டி வெளியே கொண்டுபோங்கள், மூலையில் குவித்து வைத்துவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள்.

கம்ப்ரஸர் பைப்பை எடுத்து விர்ரென்று ஊதுவது எல்லா மில்லிலும் நடக்கிறது. பத்தே நிமிஷத்தில் மேல்மாடி பளிச்சென்று ஆகிவிடும், சூப்பர்வைசருக்கும் சந்தோஷம். ஆனால் வெடிக்கத் தேவையான தூசி மேகத்தை நீங்களே கைப்பட உண்டாக்கி, ஓடுகிற மோட்டாரும் எரிகிற பல்பும் உள்ள அறையில் மிதக்க விடுகிறீர்கள். கை எட்டாத இடம் என்றால், மொத்த செக்‌ஷனையும் நிறுத்தி, பொறி வரக்கூடிய எல்லாவற்றையும் அணைத்த பிறகு, குறைந்த காற்றில் ஊதலாம். வேறு எப்போதும் கூடாது. வேக்குவம் நல்லது, ஆனால் வீட்டு வேக்குவம் க்ளீனர் ஆகாது, அதன் மோட்டாருக்குள்ளேயே பொறி பறக்கும். எரியும் தூசிக்கென்று விற்கும் ரகத்தை வாங்கச் சொல்லுங்கள்.

தூசி மேகம் எவ்வளவு அடர்த்தியானால் ஆபத்து என்று கண்ணால் தெரிந்துகொள்ள ஒரு பழைய குறிப்பு உண்டு: 2 மீட்டர் தள்ளி எரியும் 25 வாட் பல்பு தெரியவில்லை என்றால் கன மீட்டருக்குச் சுமார் 40 கிராம் வந்துவிட்டது என்று அர்த்தம். ஒரு மனிதன் அந்த மேகத்தில் நின்று மூச்சு விடவே முடியாது. அறையில் சாதாரணமாக அப்படி இருக்காது. ஆனால் எலிவேட்டர் கேசிங்குக்குள், லோடு ஓடும்போது, எப்போதும் அப்படித்தான் இருக்கும்.

பெருக்கிக்கொண்டே இருப்பதைவிடத் தூசி வெளியே வராமல் பார்ப்பது புத்திசாலித்தனம். எங்கே கசிகிறது என்று பாருங்கள்: கிழிந்த கேன்வாஸ் ஸ்லீவ், ஓட்டை விழுந்த பைப் முழங்கை, மூடி போல்ட் நாலில் இரண்டு மட்டும் உள்ள இன்ஸ்பெக்‌ஷன் கதவு. இதற்கெல்லாம் செலவே இல்லை. டஸ்ட் கலெக்டர் ஓடுகிறதா என்பதோடு உறிஞ்சுகிறதா என்றும் பாருங்கள், உள்ளே இருக்கும் வடிகட்டும் துணிப்பை அடைத்துப்போய் சும்மா சத்தம் மட்டும் போடுகிற கலெக்டர்கள் ஏராளம். மூடிவிட்டால் போதும் என்றும் நினைக்க வேண்டாம். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் ஒரு சர்க்கரை ஆலையில் குப்பை விழக்கூடாது என்று கன்வேயரை ஸ்டீல் தகடு போட்டு மூடினார்கள், ஆனால் உள்ளே சேரும் தூசியை உறிஞ்ச வழி செய்யவில்லை. 2008 பிப்ரவரி 7ஆம் தேதி வெடிப்பு அந்த மூடிய கன்வேயருக்குள்தான் தொடங்கியது, 14 பேர் போனார்கள்.

எலிவேட்டர்: மில்லிலேயே மோசமான ஆசாமி

பக்கெட் எலிவேட்டரை யோசித்துப் பாருங்கள். செங்குத்தான இரும்புக் குழாய், உள்ளே தானியம் மேலே போய்க் கொட்டும்போது எப்போதும் தூசி மேகம், ரப்பர் பெல்ட், சுழலும் புல்லி, இரும்பு பக்கெட். சொன்ன ஐந்தில் நான்கு எந்நேரமும் உள்ளேயே இருக்கிறது. ஐந்தாவதான பொறியை மட்டும் நாம் உள்ளே விடாமல் இருக்க வேண்டும்.

புதியவர்கள் செய்யும் பெரிய தப்பு இதுதான், நானே ஆரம்பத்தில் செய்திருக்கிறேன். எலிவேட்டர் சோக் ஆகிவிடும். அடிப்பெட்டியில் (பூட் என்போம்) தானியம் அடைத்து பெல்ட் நின்றுவிட்டது, மோட்டார் ட்ரிப். அடிப்பெட்டியைத் திறந்து அள்ள ஒரு மணி நேரம் ஆகும், வெளியே நாலு லாரி ஹார்ன் அடிக்கிறது. அதனால் ரீசெட் போட்டு, ஸ்டார்ட், ஸ்டாப், ஸ்டார்ட், ஸ்டாப் என்று குத்திக் குத்தி எடுக்கப் பார்ப்போம். சில சமயம் எடுத்தும் விடும், அதுதான் வினை, மறுபடியும் செய்யத் தோன்றும். அப்போது மேலே என்ன நடக்கிறது என்றால், பெல்ட் அசையாமல் நிற்க, அதை இழுக்கும் மேல் உருளையான ஹெட் புல்லி மட்டும் அதன் மேல் தேய்த்துக்கொண்டு சுழல்கிறது. ரப்பர் வாசம் கீழே வரும்போது மேலே பெல்ட் கருகிக்கொண்டிருக்கும், பெல்ட் அறுந்து எரிகிற துண்டோடு கீழே விழுந்தால் கேசிங் முழுக்கத் தூசி கிளம்பும். அன்றைக்கு எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஹெட் மூடியைத் திறந்தபோது புல்லியின் ரப்பர் பளபளவென்று கண்ணாடி மாதிரி உருகி இறுகியிருந்தது, ஒரு ஓரத்தில் பொடிப்பொடியாகக் கரி. எங்கள் மூத்த ஃபிட்டர் அதைச் சுரண்டி என் கையில் வைத்து, "இது உன் அதிர்ஷ்டம், பையில போட்டுக்க" என்றார்.

ஆக, சோக் ஆனால்: தானியம் உள்ளே வருவதை நிறுத்துங்கள். பேனலில் மெயினை ஆஃப் செய்து உங்கள் பூட்டைப் போட்டுச் சாவியைச் சட்டைப்பையில் வையுங்கள். எலிவேட்டர் அடிப்பெட்டியின் கதவைத் திறந்து கையால் அள்ளுங்கள். எவ்வளவு லாரி நின்றாலும் சரி. அமெரிக்க விதியிலும் இப்படிக் குத்தி எடுக்கக் கூடாது என்று ஒரு வரி தனியாகவே இருக்கிறது, அங்கேயும் நம்மைப் போன்றவர்கள் இருந்திருக்கிறார்கள் என்று தெரிகிறது.

பெல்ட் நழுவுவதைக் கண்டுபிடிக்க கீழே இருக்கும் டெயில் புல்லியின் ஷாஃப்ட்டில் ஒரு ஸ்பீடு சென்சார் மாட்டலாம். வேகம் 20 சதவீதம் குறைந்தால் எலிவேட்டர் தானாக நிற்க வேண்டும். உங்கள் மில்லில் அது இருந்தால் ஒயரைப் பிடித்துக்கொண்டே போய்ப் பாருங்கள், பேனலில் பைபாஸ் செய்து வைத்திருப்பார்கள், 'அடிக்கடி ட்ரிப் ஆகுதுங்க' என்று காரணமும் சொல்வார்கள். அடிக்கடி ட்ரிப் ஆகிறதென்றால் பெல்ட் நிஜமாகவே நழுவுகிறது, டென்ஷன் பார்க்க வேண்டும் என்று அர்த்தம்.

பெல்ட் ஒரு பக்கம் ஒதுங்கினால் பக்கெட் கேசிங்கில் உரசும். டொக், டொக் என்று தாளம் மாதிரி கேட்கும். ஒரு வாரம் கேட்டால் காதுக்குப் பழகிவிடும், அதனால் பழகுவதற்கு முன்பே, புதிதாக வந்த நீங்கள்தான் இதைச் சொல்லச் சரியான ஆள். கூச்சப்படாமல் சொல்லுங்கள்.

பேரிங்

அமெரிக்காவின் கேன்சஸ் மாநிலத்தில் விச்சிட்டா பக்கம் ஹேஸ்வில் என்ற ஊரில் சுமார் 800 மீட்டர் நீளத்துக்கு ஒரு பிரம்மாண்டமான தானியக் கிடங்கு இருந்தது. 1998 ஜூன் 8ஆம் தேதி வெடித்து 7 பேர் இறந்தார்கள். விசாரித்தவர்கள் கடைசியில் கொண்டுபோய் விரல் வைத்த இடம், சைலோவுக்கு அடியில் சுரங்கத்தில் ஓடிய கன்வேயரின் ஒரு ரோலர். கிரீஸ் இல்லாமல் அதன் பேரிங் இறுகி ரோலர் நின்றுவிட்டது, பெல்ட் நிற்காமல் அதன் மேலேயே தேய்த்துக்கொண்டு ஓடியது, சூடேறிய ரோலர் தூசியைப் பற்றவைத்தது. ஒரு கைப்பிடி கிரீஸ். அந்த இடத்தின் தூசி உறிஞ்சும் வசதியும் சரியாக வேலை செய்யவில்லை, சுரங்கத்தில் தூசி சேர்ந்திருந்தது. இரண்டும் சேர்ந்ததால்தான் அத்தனை தூரம் பரவியது.

ஷிப்ட்டுக்கு ஒரு தடவை எல்லா பேரிங்கையும் சுற்றிப் பார்ப்பதை உங்கள் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். கையை வைத்துப் பார்ப்பது பழைய முறை, சுழலும் இடத்தில் சட்டைக்கை மாட்டிக்கொண்டால் தோளோடு போய்விடும். வெப்பத்தைச் சுட்டு அளக்கும் டெம்பரேச்சர் கன் ஒன்று வாங்கித் தரச் சொல்லுங்கள், மில்லில் வேறு எதற்கெல்லாமோ செலவு செய்கிறார்கள். தினமும் அதே இடத்தில், அதே தூரத்தில் அளந்து ஒரு நோட்டில் எழுதுங்கள். ஒரு நாள் எண்ணைவிட எண் ஏறுகிற விதம்தான் முக்கியம்: போன வாரம் 50 டிகிரி, இந்த வாரம் 65 என்றால், பேரிங் ஏதோ சொல்ல வருகிறது. உடனே நாலு பம்ப் கிரீஸ் கூட அடித்துவிடாதீர்கள், கிரீஸ் அளவுக்கு மீறினாலும் உள்ளே கடைந்து சூடேறும். கேசிங்குக்கு உள்ளே இருக்கும் பேரிங்கை வெளியே மாற்ற முடிந்தால் மாற்றச் சொல்லுங்கள். பேரிங் மேல் தூசி போர்வை மாதிரி மூடியிருந்தால் முதலில் அதைத் துடைத்துவிடுங்கள், சூடு வெளியேற வழி வேண்டும்.

ஹேமர் மில்லுக்குள் என்ன போகிறது

நம்ம பக்கம் மக்காச்சோளத்தை ரோட்டில் காய வைத்து அள்ளி வருகிறார்கள். கூடவே கல், கம்பித்துண்டு, ஆணி, லாரி போல்ட், சாக்குத் தைக்கிற கோணி ஊசி என்று எல்லாமும் வரும். இதில் ஒன்று, தானியத்தை அடித்து அரைக்கும் ஹேமர் மில்லுக்குள் போய் அடிபட்டால் பொறி, பொறி விழும் இடத்தில் புதிதாக அரைத்த மாவு. அதனால் ஹேமர் மில்லுக்கு முன்னால் இருக்கும் காந்தத்தை ஷிப்ட்டுக்கு ஒருமுறையாவது திறந்து துடையுங்கள். காந்தம் முழுக்க இரும்பு ஒட்டியிருந்தால் அடுத்து வரும் ஆணி ஒட்டாமல் தாண்டிப் போய்விடும். துடைத்து எடுத்ததைக் குப்பையில் போடாமல் ஒரு டப்பாவில் சேர்த்து வையுங்கள், முதலாளி வரும்போது டேபிளில் கவிழ்த்துக் காட்டினால் புதுக் காந்தம், கல் பிரிப்பான் எல்லாவற்றுக்கும் சீக்கிரம் கையெழுத்து விழும். நான் அப்படித்தான் வாங்கினேன்.

வெல்டிங்: ஆர்வக்கோளாறு வேண்டாம்

'ரெண்டு டாக் (சின்ன வெல்டிங் பொட்டு) தானே, ரெண்டு நிமிஷம்' என்பதுதான் மில்லில் நான் பயப்படுகிற வாக்கியம். மற்ற பொறிகள் எப்போதாவது வரும், வெல்டிங் பொறியை நாமே வேண்டுமென்றே கொண்டு வருகிறோம்.

கழற்ற முடிந்த எதையும் கழற்றி வெளியே ஷெட்டுக்குக் கொண்டுபோய் வெல்ட் செய்யுங்கள். கழற்றவே முடியாது என்றால் எழுத்தில் பர்மிட், வாயால் சொன்னது கணக்கில் வராது. அந்தப் பக்கத்து மெஷின்கள் எல்லாம் நிற்க வேண்டும். சுற்றிலும் 11 மீட்டருக்குத் தூசியைச் சுத்தமாக எடுத்து, தரையை நனைத்து, தரை ஓட்டை, சரிவுக் குழாய் வாய், எலிவேட்டர் அடிப்பெட்டியின் திறப்பு எல்லாவற்றையும் ஈரச் சாக்கால் அடையுங்கள். பொறி மூன்றாவது மாடியில் பறந்து ஒரு விரல் சந்தில் இறங்கி முதல் மாடி எலிவேட்டரின் அடிப்பெட்டியில் போய் உட்காரும். வெல்ட் செய்கிறவர் கண்ணாடிக்குள்ளிருந்து இதைப் பார்க்க முடியாது, அதனால் பக்கத்தில் தண்ணீரோடு ஒரு ஆள் வேண்டும், கீழ்மாடியிலும் ஒருவர். வேலை முடிந்த பிறகும் குறைந்தது ஒரு மணி நேரம் அங்கேயே இருந்து பாருங்கள். கிரைண்டிங், கட்டிங் எல்லாம் இதே கணக்குதான். ஷிப்ட் முடியும் நேரத்தில் வெல்டிங் வைத்துக்கொள்ளவே வேண்டாம்.

கரண்ட், எர்த்திங், இன்ன பிற

இதை எலக்ட்ரீசியன் பார்த்துக்கொள்வார், நீங்கள் கண்ணில் பட்டதைச் சொன்னால் போதும். மூடியில்லாத ஜங்ஷன் பாக்ஸ், டேப் சுற்றித் தொங்கும் ஒயர், கண்ணாடிக்கூடு இல்லாத குண்டு பல்பு. தூசி உள்ளே புகாத ரகப் பெட்டிகளும் விளக்குகளும்தான் அரைவை இடத்தில் இருக்க வேண்டும், பேனல் அறைக் கதவு எப்போதும் மூடியிருக்க வேண்டும்.

ஸ்டேடிக் கரண்ட்டைப் பற்றி ஒன்று மட்டும் சொல்கிறேன். இரும்புச் சரிவுக் குழாய் ஓட்டை விழுந்தால் பிளம்பிங் கடையில் பிவிசி பைப் வாங்கி மாட்டிவிடுகிறார்கள். தானியம் உரசி ஓட ஓட அதில் மின்னூட்டம் ஏறும், இறங்க வழி இருக்காது, மேலும் கீழும் உள்ள இரும்புத் துண்டுகளின் எர்த் தொடர்பும் அறுந்துவிடும். இரும்புக்கு இரும்பே போடுங்கள், இணைப்புகளுக்கு நடுவே எர்த் பட்டை இருக்கட்டும். பெல்ட் வாங்கும்போது ஸ்டேடிக் தேங்காத, மின்னூட்டத்தை இறக்கிவிடும் ரகம் வேண்டும் என்று கேட்டு வாங்கச் சொல்லுங்கள்.

பீடி, சிகரெட் பற்றி எல்லோருக்கும் தெரியும், ஆனால் ஆட்கள் மாறிக்கொண்டே இருக்கிறார்கள். இரவில் கொட்டு குழிக்குப் பக்கத்தில் லாரி நிறுத்திவிட்டு ஸ்டவ் பற்றவைத்துச் சமைக்கிற டிரைவரிடம் சண்டை போடாமல், கேட்டுப் பக்கம் ஒரு தகரக் கொட்டகையும் தண்ணீர்க் குழாயும் காட்டிவிடுங்கள், பிரச்சினை தீர்ந்தது. எச்சரிக்கைப் பலகை இந்தியிலும் இருக்கட்டும், மூட்டை தூக்குகிறவர்களில் பலர் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவர்கள். சட்டை பருத்தியாக இருக்கட்டும், பாலியஸ்டர் தீயில் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும்.

புழுவுக்குப் போடும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையையும் மறக்க வேண்டாம். அதிலிருந்து வரும் பாஸ்பின் வாயு விஷம் என்பதோடு, காற்றில் 1.8 சதவீதத்தைத் தாண்டினால் தானே பற்றிக்கொள்ளும். மாத்திரையை ஒரே இடத்தில் குவிக்கவோ நனைய விடவோ கூடாது. பயிற்சி பெற்றவர் போடட்டும், நீங்கள் தள்ளி நில்லுங்கள்.

புகை வாசம் வந்தால்

இதை மட்டும் இரண்டு தடவை படியுங்கள். அமெரிக்காவின் விஸ்கான்சினில் 2017 மே 31ஆம் தேதி இரவு ஒரு மக்காச்சோள மில்லில் கருகும் வாசம் வந்தது. எங்கிருந்து வருகிறது என்று ஆட்கள் மெஷின் மெஷினாகத் தேடிக்கொண்டிருக்கும்போதே வெடித்தது. உள்ளே இருந்த 19 பேரில் 5 பேர் இறந்தார்கள், மற்ற 14 பேருக்கும் காயம்.

நம் ஆட்களுக்கு வாசம் வந்தால் மூடியைத் திறந்து எட்டிப் பார்க்கத்தான் கை போகும். திறந்தால் உள்ளே கனன்றுகொண்டிருப்பதற்குக் காற்று கிடைக்கும். செய்ய வேண்டியது: எமர்ஜென்சி ஸ்டாப், எல்லோரையும் வெளியே அனுப்புவது, வாசலில் ஆள் எண்ணுவது, 101க்கு போன். தீயணைப்பு வண்டி வந்ததும் உள்ளே தூசி இருக்கிறது என்று முதலில் சொல்லுங்கள், குழாயை நேராக அடித்தால் படிந்த தூசி எல்லாம் எழும்பும், பூவாகத் தெளிக்கச் சொல்லுங்கள். கையில் இருக்கும் தீயணைப்பானையும் பக்கத்தில் போய்த் தூசியின் மேல் சீறவிடக் கூடாது.

சைலோவுக்குள் புகைந்தால் இன்னும் நிதானம் வேண்டும். ஈரம் சரியாகக் காயாத மக்காச்சோளத்தைக் கொட்டி வைத்தால் உள்ளேயே சூடேறிக் கருகும். 'கீழே திறந்துவிட்டுக் காலி பண்ணிடலாம்' என்று யாராவது நல்ல எண்ணத்தோடு சொல்வார்கள். திறந்தால் எரியும் கட்டி கன்வேயரில் விழுந்து நேராக எலிவேட்டருக்குப் போகும், மேலே சைலோவுக்குள் தானியம் சரிந்து தூசி கிளம்பும். மேலிருந்து தண்ணீர் ஊற்றினாலும் தானியம் ஊதிச் சுவரை நெருக்கும். எந்த மெஷினையும் ஓட்டாமல், மேலேயும் கீழேயும் ஆட்களை விலக்கிவிட்டு, தெரிந்தவர்கள் வரும் வரை காத்திருங்கள்.

எங்கே நிற்கிறோம், எங்கே உட்காருகிறோம்

பிரான்சின் பிளே நகரில் 1997 ஆகஸ்ட் 20ஆம் தேதி சைலோ வெடித்தபோது இறந்த 11 பேரில் பெரும்பாலானோர் அலுவலகத்தில் இருந்தவர்கள், அந்த அலுவலகம் சைலோவின் காலடியிலேயே இருந்தது. உங்கள் மில்லில் சாப்பிடும் இடம், பைக் ஸ்டாண்ட், எடைமேடை அறை எல்லாம் எங்கே இருக்கின்றன என்று பாருங்கள். நிழலுக்காக சைலோவை ஒட்டித்தான் போட்டிருப்பார்கள். கட்டடத்தை நகர்த்த முடியாது, ஆனால் மதியச் சாப்பாட்டை இன்றைக்கே நகர்த்திவிடலாம்.

டஸ்ட் கலெக்டரிலோ எலிவேட்டரிலோ மெல்லிய தகடு வைத்த வெடிப்புச் சன்னல் இருந்தால், அது வெடிக்கும்போது கிழிந்து தீயை வெளியே விடுவதற்கானது. அதற்கு எதிரே நிற்காதீர்கள், மூட்டை அடுக்காதீர்கள். ஒரு மில்லில் அதன் வழியாக மழைத்தண்ணீர் ஒழுகுகிறது என்று மேலே கனமான தகடு வைத்து எட்டு போல்ட் போட்டு இறுக்கியிருந்தார்கள், நன்றாகப் பெயின்ட் வேறு அடித்து. கழற்ற வைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. யாராவது 'இதெல்லாம் எந்தச் சட்டத்தில் இருக்கு' என்று கேட்டால், 2025 நவம்பர் வரை நடப்பில் இருந்த 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 37ஆம் பிரிவைப் படிக்கச் சொல்லுங்கள்: மெஷினை மூடு, தூசி சேரவிடாதே, பொறியை விலக்கு, மெஷின் வெடிப்பைத் தாங்காது என்றால் அழுத்தம் போக வழி வை. எழுபது வருஷத்துக்கு முன்பே எழுதி வைத்துவிட்டார்கள்.

கடைசியாக ஆயுத பூஜை. வருஷம் பூராவும் பீடியைப் பிடுங்குகிற அதே சூப்பர்வைசர் அன்றைக்கு ஹேமர் மில்லுக்கு முன்னால் தட்டில் சூடம் ஏற்றி, சாம்பிராணிப் புகையோடு மூன்று மாடியும் ஏறி இறங்குவார். பூஜைக்கென்று மில்லைத் துடைத்து வைத்திருப்பது உண்மைதான், ஆனால் துடைத்தது மெஷினின் முகத்தை மட்டும், பீமின் மேல் அப்படியே இருக்கும். மெஷினுக்குச் சந்தனம், குங்குமம், மாலை, வாழைக்கன்று எல்லாம் தாராளமாக வைக்கலாம். சூடமும் சாம்பிராணியும் கேட்டுக்கு வெளியே, எல்லா மெஷினுக்கும் சேர்த்து ஒரே தட்டில். பூசணிக்காய் உடைப்பதும் அங்கேயே, உடைத்ததை உடனே அள்ளிவிடுங்கள், போன தடவை எங்கள் எலக்ட்ரீசியன் பைக்கோடு வழுக்கி விழுந்தார்.